கேட்டில் குத்திய முத்திரை

ஷீலா, ராபின், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். தமிழைக் கூட்டிப் படிக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும். அம்மா வாசித்துக் காட்டுவாள். நடுவில் அவள் சொந்தமாகச் சேர்க்கும் எதற்கும் நான் பொறுப்பில்லை.

போன ஞாயிறு சாப்பிடும்போது ராபின் ஒரு கேள்வி கேட்டான். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தால் பணத்துக்கு எங்கெல்லாம் போகலாம், நீங்கள்தான் சின்னத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கிற கிளையிலேயே கிடந்தவராயிற்றே டாடி, என்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவன் கண் போனுக்குள் போய்விட்டது. ஷீலா, நீ வேறு "கொஞ்சம் ஷார்ட்டா சொல்லுங்க டாடி" என்றாய். ஷார்ட்டாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனை யாரும் நடுவில் நிறுத்த முடியாது, பாருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆபீசர் இல்லை, அட்டெண்டர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட, அந்தக் கோபத்திலேயோ என்னவோ ஒரு பேங்கில் போய்ச் சேர்ந்தேன். முதலில் பானையில் தண்ணீர் நிரப்பினேன். பிறகு தபால் கொண்டுபோனேன். ஃபைலை நாடா போட்டு அவிழாமல் கட்டுவது, மேனேஜர் மணி அடிக்கப் போகிறார் என்று அவர் கை அசைவதிலேயே தெரிந்துகொள்வது, இந்த இரண்டும் வந்ததும் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். அதன்பிறகு செகந்திராபாத்தில் சின்னத் தொழில்களுக்கென்றே இருந்த கிளைக்கு மாற்றினார்கள். அங்கேதான் சாஸ்திரி சாரிடம் மாட்டினேன்.

அவர் தெலுங்குக்காரர். ஆனால் சென்னைக் கிளையில் சில வருஷம் இருந்து தமிழ் நன்றாகப் பேசக் கற்றிருந்தார். அந்தத் தமிழை அவர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வைத்திருந்தார். கடன் கேட்டு வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவரைப் பற்றி என்னிடம் சொல்ல. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. பைபிள் வாசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "டேனியல், இந்த ஆள் போட்டிருக்கற சட்டைல இன்னும் கடை ஸ்டிக்கர் இருக்கு, நமக்காகவே வாங்கியிருக்கான்" என்பார். வந்தவர் ஏதோ தனக்குக் காப்பி சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டுவார். சிரிக்காமல் நிற்பதற்குத்தான் அந்த வேலையில் நான் அதிகம் கஷ்டப்பட்டேன்.

ராபின் கேட்டதற்கு வருகிறேன். சின்னத் தொழில்காரர் பேங்கில் கேட்பது பெரும்பாலும் சரக்கின்மேல் கடன். நூலோ இரும்போ பிளாஸ்டிக்கோ, ஷெட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பேங்க் பணம் கொடுக்கும். சரக்கு அவர்களிடமே இருக்கும், ஆனால் பேங்குக்குக் கட்டுப்பட்டது என்று ஷெட்டில் நம் போர்டு தொங்கும். அந்தச் சரக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று மாதாமாதம் போய்ப் பார்ப்பார்கள். சாஸ்திரி சாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன்.

அவர் பார்க்கிற விதமே வேறு. ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலாளி நாற்காலி போடுவார், உட்கார மாட்டார். டீ வரும், தொட மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் இருந்துதான் தண்ணீர். எனக்கும் அதே சட்டம். ஒரு வேர்க்கடலை வாயில் போட்டாலும் ஸ்கூட்டரில் ஏற்ற மாட்டார். பிறகு, பேசிக்கொண்டே, மோட்டாரின்மேல் கையை வைப்பார். ஆசீர்வாதம் பண்ணுகிறாரோ என்று தோன்றும். சூடாக இருந்தால் இன்றைக்கு வேலை நடந்திருக்கிறது. ஜில்லென்று இருந்தால் நாம் வருகிறோம் என்று இப்போதுதான் கதவையே திறந்திருக்கிறார்கள். அப்புறம் கரண்ட் மீட்டர். அப்போதெல்லாம் மீட்டருக்குள் ஒரு தகடு சுற்றும். அதன் முன் நின்று சாமி பார்க்கிற மாதிரி பார்ப்பார். கடைசியாக, முதலாளியை விட்டுவிட்டு, மூலையில் வேலை செய்கிற ஆளிடம் போய், சம்பளம் எந்தக் கிழமை என்று சாதாரணமாகக் கேட்பார். பட்டென்று பதில் வந்தால் சரி. அந்த ஆள் முதலாளி முகத்தைப் பார்த்தால், நாங்கள் ஸ்கூட்டருக்குத் திரும்பலாம்.

மல்காஜ்கிரியில் ஒரு சந்து. வரிசையாகச் சின்ன ஷெட்டுகள். அதில் பிளாஸ்டிக் குடம் வார்க்கிற கரீம் பாய் ஒருத்தர். தங்கமான மனுஷன். ஆனால் அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு, அதற்கு அவர்தான் தலைவர். பேங்க்காரன் வருகிற நாளில் ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் இரவல் வாங்கிக்கொள்வது. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதில்லையா, அந்த மாதிரி. யாரும் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குச் செய்கிற உபகாரம், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் கரீம் பாய் ஷெட்டில் பிளாஸ்டிக் குருணை மூட்டைகளைப் பார்த்தோம். ஒரு மூட்டையில் பான் எச்சில் கறை, அச்சு அசல் சிலோன் தேசப் படம் மாதிரி. மத்தியானம் மூன்றாவது ஷெட்டுக்குப் போனால், அங்கே சிலோன் எங்களுக்கு முன்னால் வந்து சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சாஸ்திரி சார் அதற்கு ஒரு சல்யூட் வைத்தார். என் பக்கம் திரும்பித் தமிழில், "டேனியல், இவரு நம்மளவிட அதிகமா டூர் போறாரு. டி.ஏ. குடுக்கறாங்களா கேளு" என்றார்.

அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அதே சந்துக்குப் போனபோது, வழக்கமாக முதலில் பார்க்கும் ஷெட்டை விட்டுவிட்டு, கடைசி ஷெட்டிலிருந்து ஆரம்பித்தார். பாதி சந்தில் எதிரே டிராலி ஆட்டோ வருகிறது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே சிலோன். ஆட்டோக்காரனுக்கு எங்களைத் தெரியாது. சந்து குறுகல், கொஞ்சம் வழி விடுங்க சார், கரீம் பாய் ஷெட்டிலிருந்து பேங்க் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவசரமாகப் போகிறது என்றான். சாஸ்திரி சார் மரியாதையாக ஸ்கூட்டரைப் பின்னுக்குத் தள்ளி வழி விட்டார்.

ஊரே அப்போது கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். ஒரு பையன் லேப்டாப்போடு கிளைக்கு வந்து கடன் கேட்டான். சரக்கு எங்கே என்றால், எல்லாம் இங்கேதான் என்று நெற்றியைத் தட்டிக் காட்டினான். "நம்ம போர்டை அதுல எப்படி மாட்டறது டேனியல், ஆணி அடிச்சா தாங்குமா?" என்றார் சார். அந்தப் பையனுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் இருந்த அவன் மாமா கொடுத்தார், பிறகு எவனோ ஒரு இன்வெஸ்டர் கொடுத்தான். ராபின், அந்த வழியும் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். கடன் கொடுத்தவன் வட்டியைக் கேட்டுவிட்டுப் போய்விடுவான். பங்கு வாங்கினவன் காலையில் போன் பண்ணி, இன்னும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பான். உன் தூக்கம் எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது ரெஜினா அக்காவைப் பற்றி. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ரெஜினா அக்காவுக்கு வீடு போலாரத்தில். ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே மூன்று தலைமுறை. எலாஸ்டிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, அது மூடினபோது, அங்கே ஏலத்துக்கு வந்த ஒரு நாடாத் தறியை எங்கள் கிளையில் சின்னக் கடன் வாங்கி எடுத்திருந்தார். கரீம் பாய் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் அதைப் போட்டு, மூன்று பெண்களை வேலைக்கு வைத்து, ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கழுத்தில் கார்டு மாட்டுகிற நாடா நெய்தார். ஊரில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் அத்தனை கழுத்துக்கு நாடா வேண்டுமே. யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

சாஸ்திரி சார் மாற்றலாகி வந்து சில மாதம் கழித்து, ரெஜினா அக்கா முதல் தடவை அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அக்கா பேசினது தெலுங்கு. சுத்தமான தெலுங்கு. அதனால் சார் வழக்கம்போல என்னிடம் தமிழில், "டேனியல், இந்தம்மாகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும். பாத்தாலே வாதாடற மாதிரி தெரியுது" என்றார்.

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வாதாட மாட்டேன் சார். கேட்டது கெடைச்சா எழுந்து போயிருவேன்" என்றார், தமிழில்.

சாஸ்திரி சாருக்குக் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவசரமாக வெளியே ஒரு வேலை வந்துவிட்டது.

அக்கா கேட்டது இதுதான். மாதாப்பூரில் ஒரு பெரிய கம்பெனி புதுக் கட்டடம் திறக்கப் போகிறது. அத்தனை பேருக்கும் நீலநிற நாடா, கம்பெனி பெயர் நெய்தது, திறப்பு விழாவுக்குள் வேண்டும். ஆர்டர் அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவர்கள் பணம் கொடுப்பது மூன்று மாதம் கழித்து. நூல் வியாபாரி சேட்டோ கையில் காசு இல்லாமல் ஒரு கண்டு நூல் தர மாட்டார். சொன்ன சனிக்கிழமைக்குள் நூல் வாங்கித் தறியில் ஏற்றாவிட்டால் கம்பெனி அந்த ஆர்டரைச் சென்னையில் வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடும். அப்படிப் போனால் தறி சும்மா நிற்கும், தறிக்கு வாங்கின கடன் தவணை நிற்கும், நாங்களே போய் அந்தத் தறியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

மற்ற வழிகளை எல்லாம் அக்கா ஏற்கெனவே தட்டிப் பார்த்திருந்தார். சர்ச் பெண்கள் சீட்டை முந்தின வருஷமே எடுத்தாயிற்று. காலையில் கொடுத்து சாயங்காலம் வசூலிக்க பைக்கில் வருகிற டெய்லி ஃபைனான்ஸ்காரன் தயாராக இருந்தான், ஆனால் அவனிடம் வாங்கினால் அந்த நாடாவைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். கம்பெனியிலேயே கொஞ்சம் முன்பணம் கேட்டதற்கு, அங்கே இருந்த பெண் பாலிசி இல்லை என்று பாவமாகச் சொல்லிவிட்டாளாம். சர்க்கார் மானியத்துக்கு ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசைக் காட்டினார்கள், அங்கே போனால் முதல் ஆபீசைக் காட்டினார்கள். சொந்த வீடு கிடையாது, ஈடு வைக்கப் பத்திரம் இல்லை. ஈடு இல்லாமல் சின்னத் தொழிலுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் எங்கள் கிளைச் சுவரிலேயே போஸ்டராக ஒட்டியிருந்தது. அதை வாராவாரம் தூசி தட்டினவன் நான்தான். யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அக்கா அந்தப் போஸ்டரைக் காட்டி, இது பேப்பர்தானா இல்லை பேங்க்கா என்று கேட்டார். வாதாட மாட்டேன் என்று சொன்னவர்தான்.

சாஸ்திரி சார் அந்தத் திட்டத்தின் கீழேயே பார்க்கலாம் என்றார். ஆனால் முதலில் ஷெட்டைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் வரும் நாள் தெரிந்ததும் கரீம் பாய் தன் கடமையைச் செய்யப் போயிருக்கிறார். பக்கத்து ஷெட், புதுக் கடன், பெண்பிள்ளை வேறு. நூல் கண்டு எங்கிருந்தாவது வரவழைக்கிறேன், இல்லாவிட்டால் நம் மூட்டைகளையாவது நூல் மூட்டை மாதிரி அடுக்கலாம் என்றாராம். அக்கா, "நக்கோ பாய்", வேண்டாம், என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார்.

நாங்கள் போனபோது ஷெட் பெருக்கி மெழுகினது போல் காலி. நடுவில் தறி. அதில் மிச்சமிருந்த கடைசி நூல் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கரீம் பாய், பரீட்சையில் பையன் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்க்கிற அப்பா மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சாஸ்திரி சார் மோட்டாரில் கை வைத்தார். சூடு. மீட்டர் சுற்றியது. மூலையில் இருந்த பெண்ணிடம் சம்பளம் எந்தக் கிழமை என்று கேட்டார். அவள் தறியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சனிக்கிழமை என்றாள். பிறகு அந்தக் காலி இடத்தைச் சுற்றி, ஏதோ மியூசியத்தில் நடப்பது போல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். "எழுதிக்கோ டேனியல். சரக்கு இல்லை. நிஜமாவே இல்லை. என் சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான ஸ்டாக்கை நான் பாத்ததில்ல." அவர் கேலி செய்யவில்லை. குரலே வேறு மாதிரி இருந்தது.

ஆனால் சரக்கு இல்லாவிட்டால் சரக்கின்மேல் கடன் எப்படி? கடன் வந்தால்தான் சரக்கு வாங்க முடியும், சரக்கு இருந்தால்தான் கடன் வரும். அக்கா அதைத்தான் கேட்டார். சார் யோசித்துவிட்டு இன்னொரு வழி சொன்னார். ஆர்டரின்மேல் கொடுக்கலாம். வாங்குகிறவன் பெரிய ஆளாக இருந்தால், அவன் கொடுத்த ஆர்டரே ஒரு சரக்கு. அந்த ஆர்டரை வைத்து, திட்டத்தின் கீழ், ரீஜனல் ஆபீசுக்கு எழுதினார்.

ரீஜனல் ஆபீசில் உடனே திருப்பி அனுப்பினார்கள். ஆர்டர் என்று வைத்திருப்பது ஈமெயிலை அச்செடுத்த வெறும் காகிதம். கையெழுத்து இல்லை. முக்கியமாக, கம்பெனியின் வட்ட முத்திரை இல்லை. சீல் இல்லாத ஆர்டர் ஆர்டரே இல்லை. அங்கே இருந்த பெரிய அதிகாரி போனில் சாஸ்திரி சாரிடம், நாளைக்கு நானே உட்கார்ந்து இப்படி ஒன்றை அச்சடித்து உங்களிடம் கொண்டுவரலாமே என்றாராம். அதில் நியாயமும் இருந்தது. சந்தெல்லாம் சிலோன் மூட்டை சுற்றுகிற ஊர் இது.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி.

கிளையில் ஆடிட்டர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், சாஸ்திரி சார் நாற்காலியை விட்டு அசைய முடியாது. ஆபீசர் இடம் ஒன்று காலியாகவே கிடந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டார். "ரெஜினாம்மாவோட மாதாப்பூர் போ. கட்டடம் இருக்கா, ஆர்டர் குடுத்த பொண்ணு இருக்கா, ஆர்டர் அவங்க குடுத்ததுதானா. கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு வா. இதுக்கு மேல வாயத் தொறக்காத."

கட்டடம் இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது. முழுக்கக் கண்ணாடி. எதில் நுழைவது என்று தெரியாமல் நான் ஒரு கண்ணாடியை முட்டினேன், அது கதவு இல்லை. அக்கா சிரிக்காமல் என் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினார்.

ஆர்டர் கொடுத்த பெண்ணும் இருந்தாள். கோயமுத்தூர்ப் பெண், ஸ்வேதா என்று பெயர், ஷீலா, கிட்டத்தட்ட உன் வயசு. தமிழ் பேசினதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் அங்கிள், நான்தான் கொடுத்தேன், ரெஜினா ஆன்ட்டியோட சாம்பிள்தான் பெஸ்ட் என்று சொல்லி, காகிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டாள். சீல் என்றதும் விழித்தாள்.

"ஸ்டாம்ப்பா? எங்ககிட்ட கெடையாதே அங்கிள். நாங்க ஃபுல்லா பேப்பர்லெஸ்."

அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு முத்திரை இல்லை என்பதை நான் நம்பவில்லை. எங்கள் கிளையில் டீக்கடைக்காரனிடம் கூட ஒன்று இருக்கும். அவள் பாவம், இரண்டு மாடி ஏறி இறங்கித் தேடினாள். கடைசியில் மூச்சு வாங்க ஒன்றைக் கொண்டுவந்தாள். ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு வாங்கினதாம். குத்திக் காட்டினாள். வட்டமாக, இரண்டு கண், ஒரு வாய், சிரிக்கிற மூஞ்சி.

"ரவுண்டாத்தானே அங்கிள் இருக்கு?" என்றாள், நம்பிக்கையோடு.

ரீஜனல் ஆபீஸ் பெரியவர் மேஜையில் அந்த மூஞ்சி போய் அவரைப் பார்த்துச் சிரிப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன்.

வெளியே கிளம்பினோம். டெய்லி ஃபைனான்ஸ்காரன் நம்பரை எங்கே வைத்தேன் என்று அக்கா கைப்பையைத் துழாவினார்.

கேட்டில் செக்யூரிட்டி எங்களை நிறுத்தினார். ரிட்டயரான மிலிட்டரிக்காரர், மீசையை அதற்கென்றே வளர்த்தவர். அக்கா உள்ளே எடுத்துப்போன சாம்பிள் பை வெளியே போவதற்குச் சீட்டு வேண்டுமே. சீட்டை எழுதினார். வண்டி நம்பர் கேட்டார். சிட்டி பஸ்ஸில் வந்தோம் என்றேன். பஸ் நம்பர் தெரியாதே என்றேன். நெடுநேரம் யோசித்து, "நடை" என்று எழுதிக்கொண்டார். பிறகு டிராயரைத் திறந்து, மை அட்டையில் ஒத்தி, சீட்டின்மேல் டம் என்று ஒரு குத்து.

ஊதா மை. வட்டம். சுற்றிலும் கம்பெனியின் முழுப் பெயர், ஒரு எழுத்து விடாமல். நடுவில் 'செக்யூரிட்டி, அவுட்'.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. அக்காவுக்கு அப்படி ஒன்றும் உத்தரவு இல்லை. ஆர்டர் காகிதத்தை மேஜையில் மெதுவாக வைத்து, இதிலும் ஒன்று குத்துங்கள் பாய் என்றார்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். வெளியே போகிற சாமானுக்குத்தான் ஸ்டாம்ப், காகிதத்துக்கு எதுக்கு என்றார்.

"இந்தக் காகிதமும் வெளியதானே பாய் போவுது? நாளைக்கு இது திருட்டுக் காகிதம்னு யாராவது கேட்டா உங்களயில்ல கேப்பாங்க."

மிலிட்டரிக்காரருக்கு அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. சின்னம்மா கையெழுத்து இருக்கிறதா என்று ஸ்வேதாவின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டார். "ஹவ்," என்று தலையாட்டிவிட்டு, மை நன்றாகப் படவேண்டுமென்று இரண்டு தடவை ஒத்தி, கையெழுத்துக்குப் பக்கத்தில் அழகாகக் குத்தினார். கோணல் இல்லை. தேதியும் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு ஒழுங்காக முத்திரை குத்துகிறவர் எங்கள் பேங்கில் கூட இல்லை.

சாஸ்திரி சார் ஆடிட்டர்களுக்கு நடுவில் இருந்து எழுந்து வந்தார். காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முத்திரையை ஒரு சுற்றுச் சுற்றிப் படித்தார். நடுவில் வந்ததும் நின்றார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கினதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரியட்டும் என்று இருந்தது.

"ஆர்டர் அவங்க குடுத்ததுதானா?"

"அவங்கதான் சார். அந்தப் பொண்ணு என் முன்னாலதான் கையெழுத்துப் போட்டுது."

"இது வட்டமா?"

"வட்டம் சார்."

"கம்பெனி பேர் இருக்கா?"

"சுத்தி இருக்கு சார்."

ரெஜினா அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சார் அவரைப் பார்த்து, முதல் தடவையாக நேரே தமிழில் பேசினார். "நடுவுல என்ன இருக்கணும்னு சர்க்குலர்ல எங்கயும் போடலம்மா."

நோட்டை அவரே உட்கார்ந்து எழுதினார். ஆர்டர் நேரில் சரிபார்க்கப்பட்டது, கொடுத்தவரின் கையெழுத்தும் நிறுவனத்தின் வட்ட முத்திரையும் உள்ளன என்று. ஒரு எழுத்து பொய் கிடையாது. அதைக் கையில் கொடுத்து ரீஜனல் ஆபீசுக்கு என்னையே ஓடச் சொன்னார். அங்கே பெரியவர் காகிதத்தை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதா வட்டம் கண்ணில் பட்டதுமே முகம் தெளிந்துவிட்டது. கிட்டே கொண்டுபோய்ப் படிக்கவே இல்லை. இப்படி ஒழுங்காக வாங்கி அனுப்புவதற்கு என்ன கேடு என்று என்னையே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கடன் கணக்கில் ஏறியது. சாயங்காலம் சேட் கடையிலிருந்து நீல நூல் டிராலி ஆட்டோவில் அந்தச் சந்துக்குள் வந்தது. யாரோ இரவல் கொடுத்த சரக்கு என்று நினைத்து, இப்போது எந்த இன்ஸ்பெக்‌ஷன் என்று கரீம் பாய் பதறி ஓடி வந்தாராம்.

இதில் இன்னொரு கூத்து. கொஞ்ச நாள் கழித்து ரீஜனல் ஆபீசிலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஐ.டி. கம்பெனி ஆர்டர் என்றால் எங்கள் கிளை வாங்கினதுபோல் வட்ட முத்திரையோடு வாங்கி அனுப்புக என்று. அப்புறம் அந்தக் கேட்டில் பூந்தொட்டிக்காரர், கேன்டீன்காரர், நாற்காலிக்காரர் எல்லாரும் காகிதத்தோடு நின்றார்களாம். மிலிட்டரிக்காரர் எல்லாவற்றுக்கும் சின்னம்மா கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டே குத்தினாராம். எங்கள் மண்டலத்தில் அந்த ஆர்டர்களில் ஒன்றாவது பொய்யாகப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ராபின், பணத்துக்கு எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டாயே, மேலே சொன்ன அத்தனை இடத்துக்கும் போகலாம். எங்கே போனாலும் ஷெட்டைக் காலியாகவே காட்டு. இரவல் மூட்டை வேண்டாம்.

திறப்பு விழாவுக்கு முன்பே ரெஜினா அக்கா நாடா முழுவதையும் கொடுத்துவிட்டார். கம்பெனி மூன்று மாதம் என்று சொன்னது இழுத்தடித்துத்தான் கொடுத்தது, ஆனால் கொடுத்தது. கொடுத்த சரக்குக்கான பில்களை எல்லாம் அக்கா கிளைக்குக் கொண்டுவந்தபோது, கட்டைக் கட்ட வேறு எதுவும் கிடைக்காமல், எழுத்துக் கோணலாக விழுந்து கழித்துப்போட்ட ஒரு நீல நாடாவால் சுற்றியிருந்தார். சாஸ்திரி சாருக்கு அது பிடிக்கவில்லை. பேங்க் ஃபைலுக்குப் பேங்க் நாடாதான், அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு நம் வெள்ளை நாடாவால் கட்டு என்றார். கட்டினேன். நீலத்தைக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் தலையைத் திருப்பினதும் எடுத்துக்கொண்டேன்.

அன்று ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வராமல் மாதாப்பூர் பஸ் ஏறினேன். உங்கள் அம்மாவிடம் டிராஃபிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அப்படித்தான் சொன்னேன். அந்தக் கட்டடத்துக்கு எதிரே டீ வண்டிப் பக்கத்தில் நின்றேன். ஷிப்ட் விட்டது. கும்பல் கும்பலாக வந்தார்கள். யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தேன். எல்லாக் கழுத்திலும் நீலம். ஒருத்தன் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் பைக்கை உதைத்தான். ஒரு பெண் நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு யாரோடோ போனில் சண்டை போட்டாள். அறுபடவில்லை.

கூட்டம் போய் ரோடு காலியானதும், சட்டையில் ஊக்கு குத்தி மாட்டியிருந்த என் பேங்க் கார்டைக் கழற்றினேன். பையிலிருந்த கோணல் எழுத்து நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் கண்ணாடிச் சுவர் ஓரமாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், கையை வீசிக்கொண்டு நடந்தேன். கண்ணாடிக்குள் ஒரு ஆள் கூடவே வந்தான். அவனுக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது. கோடி வந்ததும் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, செகந்திராபாத் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.